சுவரில் பூக்கும் பூஞ்சணமும் நெஞ்சுக்குள் நிற்கும் காவலும்



மழை பிடித்துவிட்டால் எமது லயங்களின் பின்சுவர் வேர்க்கத் தொடங்கும். முதலில் ஈரம் ஊறும். பிறகு மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பத்து நாள் போனால் அது பச்சையும் கறுப்புமாகப் படர்ந்து, காம்பராவுக்குள் ஒரு மக்கல் வாடையும் வந்துவிடும். "இது வருஷா வருஷம் வர்றதுதானே, வெயில் அடிச்சா போயிரும்" என்று சொல்லிவிட்டு நாம் அதன் மேல் கலண்டரைத் தொங்கவிடுகிறோம். நாமும் பல வருடங்கள் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

எமது எண்ணத்தை மாற்றியது பிள்ளை மடுவத்தில் இருந்த ஒரு மூன்று வயதுப் பிள்ளை. மாதத்தில் பாதி நாள் அதற்கு இருமல். இராத்திரியில் நெஞ்சு விசில் அடிக்கும். தாய்க்கு மாதத்தில் மூன்று நாலு பேர் போய்விடும். "ஐயா, எந்த மருந்து குடுத்தாலும் ஒரு கிழமைதான். மறுபடியும் அதேதான். கண்ணூறும் கழிச்சுப் பார்த்துட்டேன்" என்று அவர் அழுதார். நாம் ஒரு நாள் பின்னேரம் அந்த லயத்துக்குப் போனோம். பிள்ளையின் கட்டில் பின்சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. கட்டிலை இழுத்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்பு. சுவருக்குப் பின்னால் மண்மேடு. அதற்கும் சுவருக்கும் இடையில் இருந்த கான் இலை குப்பையால் அடைத்துப் போயிருந்தது.

இதில் சொல்ல வெட்கமான ஒரு விஷயமும் உண்டு. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னர் அந்த லயத்துக்குச் சுண்ணாம்பு கொடுத்து, "அந்தக் கறுப்பு மேலே ரெண்டு கோட்டு அடிச்சிருங்க" என்று சொன்னவர்கள் நாமே. இரண்டு கிழமையில் கறுப்பு திரும்பவும் வந்துவிட்டது. அது ஏன் வந்தது, அதைச் சுவாசிக்கும் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதன் பிறகுதான் நாம் வாசித்தும் டொக்டர்மாரிடம் கேட்டும் தெரிந்து கொண்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

பூஞ்சணம் எமக்குப் புதியதல்ல

பூஞ்சணம் என்பது ஓர் உயிர். மரம் செடி போல அது வெயிலில் இருந்து உணவு செய்து கொள்வதில்லை. மரப்பலகை, சாக்கு, துணி, கடதாசி, சுவரில் படிந்த அழுக்கு, தூசி இவற்றைத் தின்று வளரும். அதற்கு வேண்டியது ஈரம் மட்டுமே. ஈரம் இருக்கும் வரையில் மேலே எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அது திரும்பி வரும். காரணம் அவ்வளவுதான்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இதன் உறவினர்களை நன்றாகத் தெரியும். மழைக் காலத்தில் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது. 1946 இல் அது இலங்கைக்கு வந்தது. அதற்காகத்தான் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள். அதற்கும் முன்னால் இந்த மலைகளில் நின்றது கோப்பி. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சண நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. ஆகவே, எமது பாட்டன் பூட்டன்மாரின் வேலையையே மாற்றிய சக்தி ஒரு பூஞ்சணத்துக்கு இருந்திருக்கிறது. அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

பூஞ்சணம் பரவுவது வித்திகளால். வித்தி என்பது விதை போன்றது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு அளவுதான் சில வகை வித்திகள் இருக்கும். தலைமயிரின் தடிப்பு அதைப் போல இருபது முப்பது மடங்கு வரும். அதனால்தான் அது மூக்கைத் தாண்டி, நெஞ்சின் அடிவரை போகக் கூடியதாக இருக்கிறது.

அது ஏன் நஞ்சு செய்கிறது?

ஒரு பழைய பாண் துண்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதைத் தின்ன பூஞ்சணமும் வரும், பக்டீரியாக் கிருமிகளும் வரும். இரண்டுக்கும் சண்டை. தன் பங்கைக் காப்பாற்றிக் கொள்ளப் பூஞ்சணம் சில இரசாயனங்களைச் சுரக்கும். 1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர் தமது கிருமித் தட்டில் தற்செயலாக விழுந்த ஒரு பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் செத்திருப்பதைக் கண்டார். அதில் இருந்து வந்ததுதான் பென்சிலின். அது எமக்கு மருந்தாகியது. ஆனால் பூஞ்சணம் செய்யும் எல்லாமே மருந்தல்ல. சில வகைகள் செய்யும் இரசாயனங்கள் மனிதருக்கும் மிருகங்களுக்கும் நஞ்சு. எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு செய்வதில்லை. செய்யும் வகைகளும் எல்லா நேரத்திலும் செய்வதில்லை.

வயிற்றுக்குள் போகும் இப்படியான ஒரு நஞ்சைப் பற்றி உலகம் அறிந்தது 1960 இல். அந்த வருடம் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம். அந்த நஞ்சுக்கு அப்லரொக்சின் என்று பெயர். அது ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். 2021 இல் இறக்குமதி செய்த தேங்காய் எண்ணெயில் அது இருப்பதாகக் கண்டுபிடித்து எமது நாட்டில் பெரிய பேச்சானது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பூஞ்சணம் பிடித்த கடலை, செத்தல் மிளகாய், கொப்பரா இவற்றைக் கழுவிக் காயவைத்துச் சமைக்க வேண்டாம். சூட்டுக்கு அந்த நஞ்சு எளிதில் அழியாது.

ஆனால் இங்கு எமது விஷயம் மூச்சு வழியாகப் போவது. அந்த நஞ்சு காற்றில் வாயுவாகப் பறப்பதில்லை. வித்திகளிலும், உடைந்து உதிரும் பூஞ்சணத் துகளிலும், தூசியிலும் ஏறித்தான் வரும். காய்ந்த சுவரை விளக்குமாற்றால் தட்டினால் பறப்பது அதுதான். மக்கல் வாடை வேறு. அது நஞ்சு அல்ல. ஆனால் எங்கேயோ பூஞ்சணம் உயிரோடு வளர்கிறது என்பதற்கு அடையாளம்.

நெஞ்சுக்குள் நிற்கும் காவல்

பெக்டரியைக் காவல்காரர் பார்ப்பது போல எமது நெஞ்சையும் காவல் பார்க்கிறது உடம்பு. இதைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். முதல் காவல் மூக்கு. மூக்கு மயிரும் சளியும் பெரிய தூசியைப் பிடித்து வைக்கும். இரண்டாவது காவல் மூச்சுக் குழாயில் இருக்கும் நுண்ணிய மயிர்கள். அவை ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளிக் கொண்டே இருக்கும். விறகுப் புகை, பீடி, சிகரெட் புகை இந்த மயிர்களைக் கெடுக்கும். புகையும் பூஞ்சணமும் ஒரே காம்பராவில் இருந்தால் கெடுதி இரட்டிப்பு.

மூன்றாவது காவல் நுரையீரலின் அடியில் உள்ள காற்றுப் பைகளில் நிற்கிறது. அங்கே விழுங்கிக் கலங்கள் என்று ஒரு வகை உண்டு. உள்ளே வந்த வித்தியை அவை விழுங்கிச் செரித்துவிடும். தங்களால் முடியாவிட்டால் இரத்தத்தில் இருந்து வெள்ளைக் கலங்களை உதவிக்குக் கூப்பிடும். நாம் எல்லோரும் ஒவ்வொரு நாளும் வித்திகளைச் சுவாசிக்கிறோம். அநேகமானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம் இந்தக் காவல்தான். அப்படியானால் கெடுதி எப்படி வருகிறது? மூன்று விதமாக வருகிறது.

1. காவல் அளவுக்கு மீறிப் பாய்வது. சிலருடைய உடம்பு பூஞ்சணத் தூளைப் பெரிய எதிரி என்று எண்ணிவிடும். அதற்கென்று ஒரு வகை எதிர்ப்புப் பொருளைச் செய்து தயாராக வைத்திருக்கும். அடுத்த தடவை அந்தத் தூள் வந்தவுடன் ஹிஸ்டமீன் முதலிய இரசாயனங்கள் கொட்டும். தும்மல், மூக்கு ஓடுதல், கண் அரிப்பு வரும். மூச்சுக் குழாய் சுருங்கினால் அதுதான் ஆஸ்துமா, நாம் தொய்வு என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு இருந்தது இதுவே. இது கிருமியால் வந்த சளி அல்ல. ஆகவே ஒவ்வொரு தடவையும் அன்ரிபயோட்டிக் குடித்ததில் பலன் இருக்கவில்லை.

2. ஆழத்தில் வீக்கம் கொள்வது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறும் விவசாயிகளிடம் 1932 இல் இங்கிலாந்தில் ஒரு நோய் விவரிக்கப்பட்டது. பூஞ்சணமும் அதனோடு சேர்ந்து வளரும் ஒரு வகைப் பக்டீரியாவும் இதற்குக் காரணம். வேலை செய்து நாலு முதல் எட்டு மணித்தியாலத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வரும். அடுத்த நாள் குறைந்துவிடும். எல்லோரும் தடிமன் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து, பிறகு மலை ஏறவே முடியாமல் போகும். மாட்டுத் தொழுவத்தில் பழைய வைக்கோல் கிளறுபவர்களும், கூட்டெருக் குவியல் புரட்டுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

3. காவலைத் தூங்க வைப்பது. நஞ்சின் வேலை இங்கேதான் தெரிகிறது. சில பூஞ்சண நஞ்சுகள் விழுங்கிக் கலத்தின் விழுங்கும் சக்தியைக் குறைக்கும். சில, கலம் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய விடாமல் தடுக்கும். புரதம் இல்லாவிட்டால் கலம் வேலை செய்யாது, செத்தும் போகும். ஆய்வுகூடத்தில் கலங்களிலும் மிருகங்களிலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். பூஞ்சணம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் என்பதற்கு இன்னொரு அத்தாட்சி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் எமது உடம்பு அதைத் தள்ளிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கச் சைக்குளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது மண்ணில் வளரும் ஒரு பூஞ்சணத்தில் இருந்து கிடைத்தது.

இந்த மூன்றாவது விதத்தில் பெரிய ஆபத்து ஏற்கெனவே காவல் குறைந்தவர்களுக்கு. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், ஸ்டீரொயிட் குளிசையை நீண்ட காலம் எடுப்பவர்கள், சீனி வருத்தம் கட்டுப்படாமல் இருப்பவர்கள். இவர்களுக்குப் பூஞ்சணம் நுரையீரலுக்குள்ளேயே வேர்விட்டு வளரலாம். காசநோய் வந்து மாறிய சிலருக்கு நுரையீரலில் பொந்து மிஞ்சியிருக்கும். அந்தப் பொந்துக்குள் பூஞ்சணம் பந்து போலத் திரண்டு, இருமும்போது இரத்தம் வரலாம். "காசம்தான் மாறிட்டுதே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

பயமும் அளவோடு இருக்க வேண்டும். 1993, 1994 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. தண்ணீர் ஊறிய வீடுகளில் வளர்ந்த ஒரு கறுப்புப் பூஞ்சணத்தின் நஞ்சுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். 2000 ஆம் ஆண்டில் அந்த நாட்டு நோய்த் தடுப்பு நிலையமே கணக்குகளைத் திரும்பப் பார்த்து, அது நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. ஈர வீடுகளில் இருமல், மூச்சில் விசில், ஆஸ்துமா கூடுதல் என்பன உறுதி என்று 2004 இல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு ஒன்று கூறியது. ஆனால் வீட்டுக் காற்றில் வரும் நஞ்சே வேறு பல நோய்களைத் தருகிறது என்று சொல்ல அத்தாட்சி போதாது என்றும் அது கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வளவு பூஞ்சணம் பரவாயில்லை என்று எண்ணிக்கை ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்தை நிறுத்துங்கள், பூஞ்சணத்தை அகற்றுங்கள் என்றுதான் சொல்லியது.

ஆகவே, "பூஞ்சண விஷத்தை இரத்தத்தில் இருந்து இறக்குகிறோம்" என்று யாராவது போத்தல் மருந்து கொண்டு வந்தால் சம்பளக் காசைக் கொடுத்துவிட வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு தகரம் வாங்கலாம்.

அளவோடு பயப்பட வேண்டும் என்றால் பயமே வேண்டாம் என்பதல்ல. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் ஒரு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அவர்கள் இருந்தது வாடகை வீடு. சுவரெல்லாம் பூஞ்சணம். தகப்பன் முறையிட்டபோது அதன் மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அதன் பிறகு 2023 இல் அந்த நாட்டில் சட்டம் செய்தார்கள். ஈரம், பூஞ்சணம் என்று முறைப்பாடு வந்தால் குறித்த நாட்களுக்குள் வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துத் திருத்த வேண்டும். 2025 ஒக்டோபரில் இருந்து அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று, நாம் கொடுத்த சுண்ணாம்பு வாளி எமது ஞாபகத்துக்கு வந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

லயத்தில் என்ன செய்யலாம்?

1. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தகரத்தில் ஓட்டையா, பீலி உடைந்திருக்கிறதா, பின் கான் அடைத்திருக்கிறதா? கானைத் துப்புரவாக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. லயமாகச் சேர்ந்து சிரமதானமாகச் செய்யலாம்.

2. கட்டில், அலுமாரி, உடுப்புப் பெட்டி இவற்றைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஈரச் சுவர்ப் பக்கம் படுக்க வைக்க வேண்டாம்.

3. நனைந்த படங்கு, கம்பளி, சாக்கு இவற்றைப் படுக்கும் காம்பராவில் தொங்கவிட வேண்டாம். இஸ்தோப்பில் கொடி கட்டிப் போடுங்கள். வெயில் கண்ட நாளில் பாய், தலையணை, மெத்தை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

4. "குளிரும் ஐயா" என்று ஜன்னலை ஆணி அடித்து மூடியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். பகலில் ஒரு மணித்தியாலமாவது திறந்து வையுங்கள். சமைக்கும்போதும் திறந்து வையுங்கள். பானையில் இருந்து வரும் ஆவியும் சுவரில் ஈரமாகத்தான் போய்ப் படியும்.

5. பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்டவோ கூட்டவோ வேண்டாம். பிள்ளைகளையும் தொய்வுக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக் கொண்டு, சுவரை முதலில் நனையுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வெளுக்கும் திராவகம் பாவித்தால் அதனோடு கக்கூசு கழுவும் அசிட்டையோ வேறு எதையுமோ கலக்க வேண்டாம். நச்சு வாயு வரும்.

6. ஊறிப் போன பஞ்சு மெத்தை, சாக்கு, காட்போட் இவற்றைக் கழுவி எடுக்க முடியாது. எறிந்துவிடுங்கள்.

7. சுண்ணாம்பு கடைசி வேலை. ஈரம் நின்று, சுவர் கழுவிக் காய்ந்த பிறகு அடியுங்கள்.

8. மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் அது நீங்கள் கழுவித் தீரும் காரியம் அல்ல. கூரையையோ சுவரையோ திருத்தியாக வேண்டும். லய நம்பர், காம்பரா நம்பர், திகதி போட்டுக் கடிதமாக எழுதி ஒபிசில் கொடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் நெஞ்சு வருத்தம் உள்ளவர் இருந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி அம்மாவிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எம்மிடம் வாருங்கள், நாம் எழுதித் தருகிறோம். காம்பரா உங்கள் பேரில் இல்லாமல் இருக்கலாம். அதற்குள் மூச்சு விடுவது உங்கள் பிள்ளை.

டொக்டரிடம் எப்போது?

மழைக் காலத்திலும் இராத்திரியிலும் மட்டும் கூடும் இருமல், நெஞ்சில் விசில், ஊருக்குப் போனால் குறைந்து லயத்துக்கு வந்தால் கூடும் வருத்தம். இவை இருந்தால் டொக்டரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைக் கொடுத்துக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பூஞ்சணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. பிள்ளை மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இராத்திரியானாலும் வாகனம் கேட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தொய்வுக்குக் கொடுக்கும் பம்ப் மருந்து "பழகிப் போகும்" என்று பயந்து நிறுத்த வேண்டாம். உள்ளே போகும் மருந்தின் அளவு கொஞ்சம்தான், அதுவும் நேராக நெஞ்சுக்கே போகிறது.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடிதம் கொடுத்து இரண்டு மாதத்தில் ஆறு தகரம் மாற்றினார்கள். கானை லயத்துத் தம்பிமார் ஒரு ஞாயிறு காலையில் வெட்டிவிட்டார்கள். கட்டில் முன்பக்கம் வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் பம்ப் கொடுத்தார்கள். இப்போதும் கடும் மழையில் பிள்ளை இருமுவது உண்டு. ஆனால் முன்னைப் போல இல்லை. "போன மாசம் ஒரு பேரும் போகல ஐயா" என்று தாய் சொன்னார்.

சகோதர சகோதரிகளே, இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கட்டிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, கலண்டரைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு இருந்தால் காம்பரா நம்பரை வந்து எம்மிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை நாம் சுண்ணாம்பு வாளியோடு வரமாட்டோம். கானையும் கூரையையும் பார்க்க வருவோம்.